ஆயர் எழுத மறந்த ஞானஸ்நானம்

ஆயர் ஓய்வு பெறுகிறதுக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை எல்லாச் சபைகளையும் பார்க்க வருகிறார், எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலிலும் திடப்படுத்தல் ஆராதனை நடத்துவார் என்று கடிதம் வந்தது. அன்றைக்கே கமிட்டி கூடியது. கூடி என்ன பேசினார்கள்? மாலை. ரோசாப்பூ மாலையா ஏலக்காய் மாலையா என்று ஒரு மணி நேரம். அடுத்த ஒரு மணி நேரம், ஆயர் உட்காருகிற நாற்காலிக்கு என்ன நிறத்தில் துணி போடுவது என்று. நான் பின்வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஆண்டவரே எனக்குப் பொறுமை தாரும் என்று மனசுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவர் தரவில்லை.

எனக்கு மாலையும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். எங்கள் வீட்டுக்காரருக்குத் திடப்படுத்தல் நடக்க வேண்டும். அது ஒன்றுதான்.

எங்கள் சபையில் ஞானஸ்நானம் குருவானவர் கொடுப்பார். திடப்படுத்தல் மட்டும் ஆயர்தான் கொடுக்க வேண்டும். ஆயர் தலையில் கை வைத்து ஜெபித்த பிறகுதான் ஒருவர் பீடத்துக்கு முன் முழங்காலிட்டு நற்கருணை வாங்கலாம். நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். அவர் இந்துக் குடும்பம். கலியாணமாகிச் சில வருசம் கழித்துத் தானாக மனசு வைத்து ஞானஸ்நானம் எடுத்தார். எடுத்து முப்பது வருசம். இந்த முப்பது வருசமும் ஒரு நற்கருணை வாங்கவில்லை. நான் போவேன், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் போவார்கள், அவர் மட்டும் வாங்கில் உட்கார்ந்திருப்பார். இப்போது பிள்ளைகள் கொழும்பில். நான் தனியாக எழும்பிப் போவேன், தனியாகத் திரும்பி வருவேன்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். முதல் தடவை அப்போதிருந்த ஆயர் வந்த வாரம் என் மாமியார் தவறிவிட்டார். மூத்த மகன் என்று இவர் கொள்ளி வைத்து மொட்டை போட்டார். மொட்டைத் தலையோடு ஆயர் முன்னால் எப்படி நிற்கிறது என்று கூச்சப்பட்டுப் போகவில்லை. அடுத்த தடவை வேலை நாளில் வைத்தார்கள். இவர் பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. நல்ல கொழுந்து வருகிற மாசம், லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு இவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே குருவானவரே ஆயராகிவிட்டார். அவ்வளவுதான், இவர் பிடித்த பிடியை விடவில்லை. "தண்ணி ஊத்தினவர் கையாலதான் இதையும் எடுப்பேன்." அந்த ஆயர் இரண்டு தடவை வந்தார். ஒரு தடவை இவர் நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஒப்பரேசன் செய்து படுத்திருந்தார். மற்றத் தடவை இவர் லிந்துலைக்குப் போய்த் திரும்புகையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது கோயிலில் பிளாஸ்டிக் கதிரைகளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அன்றைக்கு இவரோடு பேசவில்லை. அந்தக் காலையில் லிந்துலையில் இவருக்கு என்ன வேலை? குடை ரிப்பேர்.

இப்போது ஆயர் ஓய்வு பெறப் போகிறார். இதை விட்டால் இல்லை.

இந்த ஆயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் வளர்ந்தவர். சின்ன வயதில் ஒரு ரெக்சின் பேக்கோடு எங்கள் கோயிலுக்கு உதவிக்குருவாக வந்தார். கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. மழைக்காலத்தில் அந்த அறைச் சுவரில் பாசி பிடிக்கும். முதல் வாரமே அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து டிவிசனுக்கு நடந்து போய்விட்டு, இரண்டு காலிலும் அட்டைக் கடியோடு எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் வந்து நின்றார். சப்பாத்துக்குள் ரத்தம். நான்தான் புகையிலைத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். "இது எத்தனை நாளைக்கு இப்படிக் கடிக்கும்?" என்று கேட்டார். "நீங்க இருக்கிற வரைக்கும் கடிக்கும்ங்க" என்று சொன்னேன். சிரித்தார். ஐந்து வருசம் இருந்தார். குருப்பட்டமும் இங்கே இருக்கும்போதுதான் வாங்கினார். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் உடைந்து மூன்று வாரம் திருத்தாமல் கிடந்தபோது, அங்கியைப் போட்டுக்கொண்டு தோட்டத்துத் துரையின் ஒபிசுக்குப் போய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் குழாய் வந்தது. எங்கள் வீட்டு ரொட்டியும் சம்பலும் என்றால் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்தத் தரையில் உட்கார்ந்துதான் எங்கள் வீட்டுக்காரரோடு பேசுவார். சாமியைப் பற்றி இல்லை, பெரும்பாலும் கிரிக்கெட். அதனால்தானோ என்னவோ இவருக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவருக்கு மாற்றல் வந்தது என்று கேள்விப்பட்டதும் இவர் திடீரென்று, "இவரு போறதுக்குள்ள நான் ஞானஸ்நானம் எடுக்கணும்" என்றார். நாலு வருசம் யோசித்த மனுசன், நாலு நாளில் அவசரப்பட்டார். அவர் எங்களோடு இருந்த கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றி, இவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். நானும் உபதேசியாரும் என் அண்ணனும் சாட்சி. பதிவேடு அன்றைக்குக் கோயிலில் இல்லை, மாற்றலுக்காக முன்கூட்டியே டவுன் கோயிலுக்கு அனுப்பியாகிவிட்டது. ஒரு தாளில் குறித்துக்கொண்டு, "அங்க போய்ப் பதிஞ்சிட்டு சர்டிபிகேட் அனுப்புறேன்" என்றார். போனார்.

நான் ஒரு வருசம் கழித்துக் கேட்டேன், "சர்டிபிகேட் வரலியே, ஒரு கடிதம் போடுவோமா?" இவருக்கு வந்ததே கோபம். தோட்டத்தில் எல்லாத்துக்கும் துண்டுச் சீட்டு வேண்டும். டிஸ்பென்சரிக்குத் துண்டு, லீவுக்குத் துண்டு, ஒரு கட்டு விறகு எடுக்கக்கூடத் துண்டு. "சாமி காரியத்துக்கும் துண்டு கேக்குறதா? அந்த மனுசன் என்னைய நம்பித் தண்ணி ஊத்துனாரு. நான் அவரை நம்பாம துண்டு கேப்பேனா?" என்றார். நானும் விட்டுவிட்டேன். அது என் பிழை. துண்டு கேட்டிருக்க வேண்டும்.

பழைய குருவானவர்களுக்கு எங்களைத் தெரியும். ஒவ்வொரு தடவையும் திடப்படுத்தல் பட்டியலில் வாய்ச் சொல்லிலேயே இவர் பேரை எழுதிக்கொண்டார்கள். இப்போதுள்ள குருவானவர் இளம்பிள்ளை, நல்லவர், ஆனால் எதையும் சட்டப்படி செய்கிறவர். சர்டிபிகேட் கேட்டார். நாங்கள் முழித்தோம். டவுன் கோயிலுக்குப் போய்ப் பழைய ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். பேர் இல்லை. உபதேசியார் செத்துப் பல வருசமாகிறது. அண்ணன் இந்தியாவுக்குப் போனவன், போன் நம்பர்கூட இல்லை.

"பரவாயில்லம்மா, ஒரு வழி இருக்கு" என்றார் குருவானவர். முன்னால் எடுத்தாரா இல்லையா என்று சந்தேகம் இருக்கிறவர்களுக்கு, ஒருவேளை எடுக்காதிருந்தால் இப்போது கொடுக்கிறேன் என்று சொல்லி மறுபடி தண்ணீர் ஊற்றலாமாம். சபை ஒழுங்கிலேயே இருக்கிறதாம். ஐந்து நிமிசக் காரியம்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்ட மூச்சை இவர் திரும்ப வாங்க வைத்துவிட்டார்.

"ஒருவேளைன்னா?" என்று கேட்டார்.

"ஒருவேளை நீங்க எடுக்காம இருந்தா..."

"நான் எடுத்தேன் பாதர்."

"எடுத்தீங்கதான். ஆனா ஏட்டுல இல்லையே."

"ஏட்டுல இல்லாட்டி தலையில இருக்கு. இந்தத் தலையிலதான் ஊத்துனாரு." தலையைக் குனிந்து காட்டினார், அங்கே இன்னும் ஈரம் இருக்கிற மாதிரி. "ஒருவேளை போட்டு எனக்கு எதுவும் வேணாம்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் கத்தினேன். "ரெண்டாம் தடவ தண்ணி பட்டா கரைஞ்சா போயிருவீங்க? மழையில எத்தன தடவ நனையிறீங்க!"

"மழை என்னைய ஒருவேளைன்னு சொல்லலியே."

"உங்களுக்கு நான் தனியா எழும்பிப் போறதுதான் வேணும்."

அவர் வேகமாக நடக்கத் தொடங்கினார். பேரைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள்.

இதற்கிடையில் கமிட்டிச் செயலாளர் என்னிடம் வந்தார். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற தம்பி. வரவேற்பில் வாசிக்க ஆயருடைய வாழ்க்கைக் குறிப்பு எழுதியிருந்தார். "அக்கா, பழைய ஆள் நீங்கதானே, சரியா பாருங்க" என்று வாசித்துக் காட்டினார். பிறந்தது, படித்தது, குருமடம், வெளிநாட்டுப் படிப்பு, திரும்பி வந்து குருமடத்தில் ஆசிரியர், கொழும்பில் பெரிய கோயில் பொறுப்பு, பல குருமாருக்குத் தலைவர், பிறகு ஆயர், போன மாநாடுகள், திறந்து வைத்த கட்டிடங்கள். நடுவில் ஒரு வரி: மலையகத்தில் சில காலம் பணியாற்றினார்.

"சில காலமா? அஞ்சு வருசம் தம்பி! இங்கதானே நிக்கிறோம் நாம!"

"இணையத்துல அப்படித்தான் அக்கா இருந்திச்சு."

குழாய்க் கதையைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். அட்டைக் கதையைச் சொன்னேன், "அது வேணாம் அக்கா, மரியாதையா இல்ல" என்றார். கடைசி ஞாயிறு கொடுத்த ஞானஸ்நானத்தைச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். "அதை எழுதினா பதியாம விட்டதும் வெளிய வரும். பிரியாவிடைக்கு வர்றவருக்கு அவமானம். நீங்க ஆயர்கிட்டயும் இதைப் பேசாதீங்க அக்கா, கெஞ்சிக் கேக்குறேன்."

இதுதான் எனக்கு ஆத்திரம். தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுசனுக்கு ஆயர் பட்டம் கிடைத்ததும் சுற்றி ஒரு வேலி போட்டுவிட்டோம். வேலி போட்டது அவர் இல்லை, நாங்கள்தான். வந்தால் மாலை, பாட்டு, படம், சாப்பாடு, கார். இரண்டு தடவை வந்தும் ஒரு வார்த்தை பேச விடவில்லை.

ஆனால் ஒரு காரியம் அவர்களுக்கு மறந்துபோனது. பீடத்து வெள்ளைத் துணிகளைத் துவைத்து அயன் பண்ணுகிறது நான். ஆயர் உடுப்பு மாற்றுகிற அறைக்கு என்னை யாரும் தடுக்க முடியாது.

அந்த ஞாயிறு குளிர். ஆயர் கார் வந்தது, மாலை போட்டார்கள், ஏலக்காய்தான் வென்றது. நான் துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஆயர் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும், "அட, புகையிலைத் தண்ணி அம்மா!" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் காரியம் கெட்டுப்போகும் என்று துணியை மேசையில் வைத்தேன்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்."

பக்கத்தில் நின்ற எங்கள் குருவானவர், "அம்மா, இப்ப வேணாமே" என்றார்.

"இப்ப இல்லாட்டி எப்ப பாதர்? ஐயா ஓய்வுல போய் உக்காந்தப்புறமா?"

சொல்லிவிட்டேன். கடைசி ஞாயிறு, தாள், வராத சர்டிபிகேட், வெட்டின பேர் எல்லாம். ஆயருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"நான் பதியாம விட்டேனா? இருக்காதம்மா. ரெஜிஸ்டர் விசயத்துல நான் ரொம்பக் கவனம். குருமடத்துல பிள்ளைகளுக்கு அதைத்தான் அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தேன்."

"ஆமா ஐயா" என்றார் எங்கள் குருவானவர், மெதுவாக. "எங்க வகுப்புக்கும் நீங்கதான். ஏட்டுல இல்லாட்டி நடக்கலன்னுதான் எடுத்துக்கணும்னு சொன்னீங்க. அதான் நான் வெட்டினேன்."

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவர் எழுதாமல் விட்டுவிட்டு எழுத வேண்டும் என்று படிப்பித்திருக்கிறார். மற்றவர் அதைப் படித்துவந்து எங்கள் பேரை வெட்டியிருக்கிறார். நடுவில் என் மனுசன்.

ஆராதனைக்கென்று டவுனிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் இப்போதைய ஏட்டோடு பழைய ஏடும் இருந்தது. ஆயர் வாங்கி, மூக்குக்கண்ணாடி போட்டுப் புரட்டினார். அவருடைய எழுத்து வரிசையாக, அழகாக வந்தது. ஒரு பக்கத்தில் நின்றது. அதற்கு அடுத்தது வேறொருவர் எழுத்து. அந்த இடத்தை விரலால் தடவினார். கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே பாட்டுக்குழு வரவேற்புப் பாட்டை முடித்துவிட்டு, ஆயரைக் காணாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"அவரைக் கூப்பிடுங்க" என்றார்.

இவர் வந்தார். மகனுடைய கோட், கை கொஞ்சம் நீளம். ஆயர் எழும்பி இவர் முகத்தையே பார்த்தார், நெடுநேரம்.

"உங்களை ஞாபகம் இருக்கு. கிரிக்கெட் பேசுவோம்."

"ஆமாங்க ஐயா."

"ஆனா அந்த ஞானஸ்நானம்... நான் பொய் சொல்லக் கூடாது. எனக்கு ஞாபகம் வரல."

இவருக்கு வாழ்நாளில் பெரிய நாள் அது. அவருக்கு ஞாபகமே இல்லை. இவர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி நடந்துவிடுவார் என்று நினைத்து நான் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எவ்வளவு பேருக்கு ஊத்தியிருப்பீங்க" என்றார் இவர் கடைசியில். "எனக்கு ஊத்துனவரு ஒருத்தர்தானேங்க. அதான் நான் ஞாபகம் வச்சிருக்கேன்."

ஆயர் இவர் பக்கம் ஓரடி வந்தார்.

"நான் என்ன செஞ்சேன் அன்னைக்கு? சொல்லுங்க."

"உங்களுக்குப் பேர் மாத்தணுமான்னு கேட்டீங்க. எங்கப்பா முருகன் கோயில்ல வச்ச பேரு, வேணாமுங்கன்னேன். அதே பேரைச் சொல்லித்தான் ஊத்துனீங்க. மூணு தரம். மூணாவது தரம் காதுக்குள்ள போயிருச்சு. நீங்களே அங்கியால தொடச்சிவிட்டீங்க."

"சாட்சி?"

"நான் இருந்தேன் ஐயா" என்றேன். "நானும் ஒரு சாட்சிதான். நான் சொல்றது ஏட்டுக்குப் போதாதா?"

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே பாட்டு ஒரு நிமிசம் தடுமாறியது.

"போதும்மா" என்றார் ஆயர். பேனா கேட்டார். பழைய ஏட்டின் ஓரத்தில் எழுதாமல், இப்போதைய ஏட்டில், இன்றைய தேதி போட்டு, இத்தனை வருசத்துக்கு முன் என்னால் கொடுக்கப்பட்டது, என் கவனக்குறைவால் பதியப்படவில்லை, சாட்சி உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். என்னையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். குளிரிலும் படபடப்பிலும் என் கையெழுத்து கோணலாக விழுந்தது. குருவானவர் அதை வாசித்துவிட்டு, பட்டியலை எடுத்து வெட்டின பேரைக் கடைசியில் மறுபடி எழுதினார். ஆயர் இவரிடம், "மன்னிச்சுக்குங்க" என்றார். இவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "ஐயோ, வேணாமுங்க, ஆராதனைக்கு நேரமாச்சு" என்றார்.

பாட்டுக்குழு மூன்றாம் தடவை பாடிக்கொண்டிருந்தது. செயலாளர் தம்பி வாசலில் நின்று என்னை முறைத்தார். வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க நேரம் இல்லாமல் போனது. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

ஏழு பிள்ளைகள், பதினாலு பதினைந்து வயது. அவர்களுக்குப் பின்னால் நரைத்த தலையோடு இவர். ஆயர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்து ஜெபித்தார். இவர் தலையில் கை வைத்தபோது கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்த மாதிரி எனக்குப் பட்டது. எனக்குத்தான் பட்டிருக்கும்.

நற்கருணைக்கு முன்னால் யாரோடும் மனக்கசப்பு இருக்கக் கூடாது. எனக்கு இருந்தது. ஆயர் மேல் இருந்தது, குருவானவர் மேல், கமிட்டி மேல், குடை ரிப்பேர் செய்யப் போன இந்த மனுசன் மேல். ஆண்டவரே, எல்லாத்தையும் மன்னிக்கிறேன், நாளைக்கு மறுபடி கோபம் வந்தால் அதையும் மன்னியும் என்று கேட்டுக்கொண்டு எழும்பினேன். இவரும் எழும்பினார். இரண்டு பேரும் ஒன்றாக நடந்து போய்ப் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். ஆயர் அப்பத்தட்டோடு வரிசையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்.

இவர் என் காதுப் பக்கம் சாய்ந்தார். "அப்பம் வாங்குறப்ப எந்தக் கை மேல இருக்கணும்?"

"வலது! முப்பது வருசமா பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"அங்கிருந்து உன் முதுகுதானே தெரிஞ்சிச்சு" என்றார்.